டிராக்டருக்கு குயிக் ஹிட்ச் போட்டவங்க யாரும் இருக்கீங்களா? மாட்டிக் கழட்டியே அப்பாவுக்குப் பாதி நாள் போகுது

டிரைவர் மகன் | சுங்கை சிப்புட்

வணக்கம் எல்லாருக்கும். ரெண்டு வருஷமா சும்மா படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னிக்குத்தான் மொத தடவ எழுதுறேன், தப்பு இருந்தா மன்னிச்சிருங்க.

அப்பா எஸ்டேட்ல முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டினவரு. ரிட்டையர் ஆனதும் பழைய டிராக்டர் ஒண்ணு வாங்கி, பக்கத்துல அஞ்சு ஏக்கர் பத்து ஏக்கர் செம்பனை வச்சிருக்கவங்களுக்கு கண்ட்ராக்ட் எடுத்து செய்றாரு. காலைல ஸ்லாஷர் மாட்டி புல்லு வெட்டணும், பத்து மணிக்கு மேல அதக் கழட்டிட்டு ஸ்ப்ரெடர் மாட்டி உரம் போடணும், சாயங்காலம் ட்ரெய்லர் போட்டு குலை ஏத்தணும். மண்ண கிளறுற ரோட்டவேட்டர் ஒண்ணும் இருக்கு, அது எப்பவாவது காய்கறி போடுற ஆளு கூப்டாத்தான். ஒவ்வொரு தடவயும் ரிவர்ஸ் எடுத்து, எறங்கி, கீழ் ஆர்ம காலால ஒதச்சு, ஒரு பக்கம் மாட்டினா இன்னொரு பக்கம் ரெண்டு இஞ்ச் தள்ளி நிக்கும், மறுபடி ஏறி, மறுபடி எறங்கி... அப்பாவுக்கு 62 வயசு, ரெண்டு முட்டியும் போச்சு. நான் கூட இருக்குற சனி ஞாயிறு பரவால்ல, மத்த நாள் அவரு தனியாத்தான்.

யூடியூப்ல பாத்தேன், குயிக் ஹிட்ச்னு ஒரு இரும்பு ஃப்ரேம் டிராக்டர் பின்னாடி நிரந்தரமா மாட்டியிருக்கு, வெள்ளக்காரன் எறங்கவே இல்ல, ரிவர்ஸ் போறான், லிவர தூக்குறான், டக்குனு மாட்டிக்கிது. அத ஆன்லைன்ல வாங்கலாமா இல்ல ஈப்போவுல எங்கயாவது கெடைக்குமா? நம்ம ஊர் சாமானுக்கு சேருமா? யாராவது போட்டிருந்தா சொல்லுங்க.

குலைவண்டி | குளுவாங்

தம்பி நான் குலைய அள்ளி ஏத்துற கிராப்பர் ஓட்டுறேன் எனக்கு இந்தத் தொல்ல இல்ல, ஆனா முன்ன ஓட்டின எடத்துல ஒண்ணு வாங்கி வச்சிருந்தானுங்க. மூணு மாசத்துல கழட்டி ஸ்டோருக்குப் பின்னாடி போட்டாச்சு, கோழி முட்ட போட்டுச்சு அதுக்குள்ள. எதுக்கும் சேரல. காச வேஸ்ட் பண்ணாதீங்க லா.

எட்டாங்கட்ட பட்டறை | தெலுக் இந்தான்

குலைவண்டி சொல்றது நெசம், ஆனா தப்பு ஃப்ரேம் மேல இல்ல. அளந்து பாக்காம வாங்கினா கோழிதான் முட்ட போடும்.

தம்பி, நீங்க பாத்தது யு ஃப்ரேம். தலகீழா கவுத்த யு மாதிரி இருக்கும், மேல ஒரு கொக்கி, கீழ ரெண்டு கொக்கி, கீழ் கொக்கிக்கு மட்டும் லிவர் வச்ச லாக். அமெரிக்காவுல அதுக்குன்னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, கீழ் பின்னுக்கும் மேல் கொக்கிக்கும் நடுவுல ஒசரம் 15 இஞ்ச், அதாவது 381 மில்லி. ஆனா நம்ம பக்கம் வர்ற சாமான் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 730ங்கிற உலக ஸ்டாண்டர்ட் பாத்து செஞ்சது. அதுல கேட்டகரி 1, அதாவது சின்ன சாமானுக்கு, அந்த ஒசரம் 460 மில்லி, அதவிட பெரிய கேட்டகரி 2க்கு 610. இப்ப 381ல கொக்கி நிக்குது, 460ல சாமானோட பின்னு நிக்குது, எப்படி மாட்டும்? மூணு இஞ்ச் மேல ஆகாயத்துல கெடக்கும். பாதி பேரு மாட்டிக்கிறது இங்கதான்.

அதோட விட்டா பரவால்ல, உள்ளூர் பட்டறைல அடிச்ச ஸ்ப்ரெடருக்கு அமெரிக்காவும் கெடையாது ஐஎஸ்ஓவும் கெடையாது, அன்னிக்கி கைல என்ன ஆங்கிள் இரும்பு இருந்துச்சோ அதான் ஒசரம். நானே அப்படி அடிச்சுக் குடுத்திருக்கேன், பொய் சொல்ல மாட்டேன்.

முதல்ல டேப் எடுத்து இத அளந்து போடுங்க, ஒவ்வொரு சாமானுக்கும்: கீழ் பின்னு தடிமன், ரெண்டு கீழ் பின்னுக்கும் நடுவுல அகலம், மேல் பின்னு தடிமன், கீழருந்து மேல் பின்னு ஒசரம். கேட்டகரி 1னா கீழ் பின்னு 22 மில்லி, மேல 19. கேட்டகரி 2னா கீழ 28, மேல 25. அகலம் 1க்கு 683, 2க்கு 825. அதுக்கப்புறம் பேசலாம்.

சேவல்கொடி | பாகான் சிராய்

எங்கிட்ட கை டிராக்டர்தான் இருக்கு, அதுக்கு வருமா

எட்டாங்கட்ட பட்டறை | தெலுக் இந்தான்

வராது.

கிவி தம்பி | சுங்கை பட்டாணிக்காரன், இப்ப நியூசிலாந்து

அண்ணே வணக்கம். நான் இங்க மாட்டுப் பண்ணைல மூணு வருஷமா இருக்கேன். இங்க வேற மாதிரி ஒண்ணும் இருக்கு, ஏ ஃப்ரேம். டிராக்டர் பக்கம் ஒரு முக்கோணம், சாமான் பக்கம் அது உள்ள போய் உக்கார்ற மாதிரி இன்னொரு முக்கோணம். ரிவர்ஸ் எடுத்து கீழ எறக்கி உள்ள விட்டு தூக்கினா தானா நடுவுக்கு வந்து உக்காந்துக்கும், மேல ஒரு லாக் மட்டும்தான். யு ஃப்ரேம்ல மூணு எடம் ஒரே நேரத்துல சரியா இருக்கணும், இதுல முக்கோணத்தோட மூக்கு உள்ள நுழஞ்சா போதும், கொஞ்சம் கோணலா ரிவர்ஸ் போனாலும் புடிச்சிக்கும். சாமான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு முக்கோணம் வெல்டு பண்ணணும், அதான் செலவு. ஆனா அப்படி பண்ணிட்டா பழைய சாமான் என்ன அளவுல இருந்தாலும் கவல இல்ல, ஏன்னா புது முக்கோணம்தானே அளவு.

பெரிய டிராக்டர்ல வேற ஒண்ணு, கீழ் ஆர்மோட நுனியே கொக்கி மாதிரி வாய் தொறந்திருக்கும். சாமான் பின்னுல உருண்டைய மாட்டி வச்சிட்டு அடியில போய் தூக்கினா லபக்குனு கவ்விக்கும், கழட்டணும்னா சீட்லருந்தே கயிறு இழுத்தா விட்டுரும். டாப் லிங்க், அதான் மேல் கம்பி, அது மட்டும் கையால.

டிரைவர் மகன் | சுங்கை சிப்புட்

அண்ணன்மாருக்கு நன்றி. ஞாயித்துக்கெழம அப்பாவ கூட வச்சுகிட்டு அளந்தேன். டேப்ப பாத்ததும் "என்னடா சட்ட தைக்கப் போறியா"ன்னு கேட்டாரு.

ஸ்லாஷர்: கீழ் பின்னு 22, அகலம் 680 வருது, மேல் பின்னு 19, ஒசரம் 455. ஆனா மேல் பின்னு நிக்கல, ரெண்டு பட்ட இரும்புல தொங்கி முன்னயும் பின்னயும் ஆடுது.
ஸ்ப்ரெடர் (உள்ளூர்ல அடிச்சது): கீழ 22, அகலம் 690, மேல 19, ஒசரம் 415.
ரோட்டவேட்டர்: கீழ 28, அகலம் 825, மேல 25, ஒசரம் 600க்கு கொஞ்சம் மேல.
ட்ரெய்லர்: அது டிராபார்ல, அதான் டிராக்டர் பின்னாடி கீழ இருக்குற இழுவைக் கம்பில, ஒரு பின்னு போட்டு இழுக்குறது.

டிராக்டரோட ஆர்ம் உருண்ட ஓட்ட 28. அதான் ஸ்லாஷருக்கும் ஸ்ப்ரெடருக்கும் உள்ள ஒரு புஷ் (சின்ன குழாய் வளையம்) போட்டு 22 ஆக்கி ஓட்டுறாரு. அந்த புஷ் மாசத்துக்கு ஒண்ணு புல்லுல தொலஞ்சிரும். இப்ப ரெண்டையும் ஒரு கயித்துல கோத்து கியர் கம்பில தொங்க விட்டிருக்காரு, தாலி மாதிரி.

எட்டாங்கட்ட பட்டறை | தெலுக் இந்தான்

நல்லா அளந்திருக்கீங்க. இப்ப பாருங்க, மூணு சாமான், மூணு ஒசரம். எந்த ஃப்ரேம் வாங்கினாலும் ஒண்ணுக்குத்தான் சேரும். குலைவண்டியோட கோழிக்குக் காரணம் இதான்.

ரோட்டவேட்டர இதுலருந்து எடுத்துருங்க. எப்பவோ ஓட்டுறதுக்காக தெனமும் ஓட்டுறத கெடுத்துக்க வேணாம், அத பழையபடி நேரா மாட்டுங்க. ட்ரெய்லருக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது, டிராபார் வேற இது வேற. தினமும் மாறுறது ஸ்லாஷரும் ஸ்ப்ரெடரும்தான். அந்த ரெண்டையும் ஒரே ஒசரத்துக்கு ஒரே அகலத்துக்கு கொண்டு வாங்க, அதுக்கப்புறம் ஃப்ரேம் வாங்குங்க. முந்தி ஃப்ரேம் வாங்கிட்டு அப்புறம் சாமான அறுக்குறது, செருப்பு வாங்கிட்டு கால வெட்டுற கத.

ஸ்லாஷர்ல அந்த ஆடுற பட்டைக்கு ஒரு வேல இருக்கு, கழட்டி வீசிராதீங்க. மேடு பள்ளத்துல ஸ்லாஷரோட பின் சக்கரம் ஏறி எறங்கும்போது டாப் லிங்க் முறுக்காம இருக்க அது ஆடணும். ஆனா சும்மா நிறுத்தி வைக்கும்போது அது பின்னால விழுந்து படுத்துக்கும், மேல் கொக்கி போய் தேடும், பின்னு அங்க இருக்காது. பட்டைக்குப் பின்னாடி ஒரு சின்ன தடுப்பு வெல்டு பண்ணுங்க, ரொம்ப பின்னால விழாத மாதிரி, முன்ன ஆடுறதுக்கு எடம் விட்டு. ஒரு துண்டு ஃப்ளாட் பார் போதும்.

அப்புறம் இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. யு ஃப்ரேம் கொக்கியோட வாய் 22 மில்லி பின்னுக்கு செஞ்சது இல்ல, பெருசு. பின்னு மேல ஒரு புஷ் போட்டு கிட்டத்தட்ட 36 மில்லி ஆக்கணும், மேல் பின்னுக்கும் ஒரு புஷ், 32 மில்லி கிட்ட. புஷ் இல்லாம ஓட்டினா உள்ள லொடலொடன்னு ஆடி லாக்க தேய்ச்சுரும். ஃப்ரேம் விக்கிறவன் புஷ்ஷ தனியா விப்பான், கேட்டு வாங்குங்க.

பழைய கிராணி | பத்தாங் பெர்ஜுந்தை (பெஸ்தாரி ஜெயான்னு மாத்திட்டாங்க, எனக்கு வாய்ல வராது)

தம்பிமாரே, ரெண்டு நாளா படிச்சிட்டே இருந்தேன். நான் எஸ்டேட் ஆபீஸ்ல 34 வருஷம் கிராணியா இருந்தவன், டிராக்டர் ஓட்டத் தெரியாது, ஆனா டிராக்டர் ரிப்பேர் பில்லெல்லாம் எழுதினது இந்தக் கை.

நான் சின்னப் பையனா இருக்கும்போது எங்க தோட்டத்துல சாம்பக் கலர்ல ஒரு பெர்குசன் நின்னுச்சு. 1946லருந்து 56 வரைக்கும் இங்கிலாந்து கோவென்ட்ரில செஞ்சது அது. இப்ப நீங்க எல்லாம் பேசுற இந்த மூணு பாயிண்ட் விஷயமே அந்த பெர்குசன் ஆளோட மூளைல வந்ததுதான், அயர்லாந்துக்காரன், 1926ல பேட்டண்ட் எடுத்தான். அதுக்கு முன்ன கலப்பைய டிராக்டர் பின்னாடி சங்கிலில மாடு கட்டுற மாதிரி இழுத்தாங்க, கல்லுல மாட்டினா முன் சக்கரம் தூக்கி டிராக்டர் மல்லாக்க விழுந்து ஓட்டுறவன் மேலயே படுத்துரும். இவன்தான் கீழ ரெண்டு மேல ஒண்ணுன்னு மூணு எடத்துல புடிச்சு, கலப்ப மாட்டினா அந்த மேல் கம்பி முன்னால தள்ளி முன் சக்கரத்த மண்ணுல அழுத்துற மாதிரி பண்ணினான். 1938ல ஹென்றி ஃபோர்டுகிட்ட வெறும் கை குலுக்கல்ல பேசி முடிச்சு, அடுத்த வருஷம் ஃபோர்டு டிராக்டர்ல அது வந்துச்சு, அப்புறம் ரெண்டு பேருக்கும் கோர்ட்டு கேஸு. எழுத்துல இல்லாத ஒப்பந்தத்த நம்பாதீங்கன்னு எங்க தொர இதச் சொல்லித்தான் எனக்குப் புத்தி சொல்வாரு.

இத ஏன் சொல்றேன்னா, டாப் லிங்க்ல சங்கிலியப் போட்டு கட்டைய இழுக்குற பழக்கம் நம்ம ஆளுங்களுக்கு உண்டு. இழுக்குறது எதுவா இருந்தாலும் டிராபார்லதான் இழுக்கணும். ஒசரத்துல கட்டி இழுத்தா பெர்குசனுக்கு முந்தின காலத்துக்கே போயிருவீங்க.

இப்ப கணக்கு. ஃப்ரேம் போட்டா சாமான் பின்னால தள்ளிப் போகும், சுமார் 4 இஞ்ச், அதாவது 10 சென்டி. ஃப்ரேமே ஒரு 35 கிலோ கனம்னு வைங்க. ஸ்ப்ரெடர்ல 50 கிலோ மூட்ட எட்டு கொட்டினா 400, ஸ்ப்ரெடரோட கனத்தையும் சேத்து 500 கிலோ. அந்த 500 கிலோ பின் ஆக்சில்லருந்து ஒன்றரை மீட்டர் பின்னாடி தொங்குதுன்னா, பெருக்கினா 750. இப்ப 1.6 மீட்டர், 800. ஃப்ரேம் 1.1 மீட்டர்ல 35 கிலோ, அது ஒரு 38. மொத்தம் 838. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 1.9 மீட்டர்னா, முன்னால 395 கிலோ குறஞ்சது இப்ப 441 குறையும். 46 கிலோ வித்தியாசம். சமதரைல ஒண்ணும் தெரியாது. ஆனா சுங்கை சிப்புட் பக்கம் மேடான எடம் நெறைய, டெரஸ்ல ஏறும்போது ஸ்டீயரிங் லேசாகும். முன்னால வெயிட் போடுங்க, இல்ல ரெண்டு மூட்ட கம்மியா கொட்டுங்க.

குலைவண்டி | குளுவாங்

கிராணி ஐயா கணக்கு போட்டா சம்பளத்துல புடிக்கிற மாதிரியே பயமா இருக்கு

பழைய கிராணி | பத்தாங் பெர்ஜுந்தை

உங்க அப்பாவும் என்னை அப்படித்தான் சொல்லியிருப்பாரு, பரவால்ல.

கிவி தம்பி | சுங்கை பட்டாணிக்காரன், இப்ப நியூசிலாந்து

கிராணி ஐயா சொன்ன 4 இஞ்ச் பிடிஓ ஷாஃப்ட்டுக்கும், அதான் டிராக்டர் இஞ்சின் சுத்துறத சாமானுக்குக் குடுக்குற கம்பிக்கும், பொருந்தும், யாரும் அதப் பேசல. ஸ்லாஷரும் ஸ்ப்ரெடரும் பிடிஓல ஓடுறது. ஷாஃப்ட் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற குழாய், ரெண்டும் உள்ள எவ்வளவு புடிச்சிருக்குன்னு பாக்கணும், குழாய் நீளத்துல மூணுல ஒரு பங்காவது உள்ள இருக்கணும்னு இங்க எனக்கு சொல்லிக் குடுத்தாங்க. 4 இஞ்ச் பின்னால போனா அந்த 4 இஞ்சும் அதுலருந்துதான் போகும். முழுசா எறக்கினப்ப ஒரு தடவ, முழுசா தூக்கினப்ப ஒரு தடவ, நடுவுல ஒரு தடவ, இஞ்சின ஆஃப் பண்ணிட்டு அளந்து பாருங்க. சின்னதா இருந்தா ஓடும்போது கழண்டு வரும். நிமிஷத்துக்கு 540 சுத்துல ஓடுதுன்னா ஒரு செகண்டுக்கு 9 சுத்து, அந்தக் கம்பி வெளிய வந்து ஆடினா என்ன ஆகும்னு சொல்லத் தேவயில்ல.

அதுக்கு மாறா நீளமா புது ஷாஃப்ட் வாங்கி வச்சிட்டு, பின்னால ஒரு நாள் ஃப்ரேம கழட்டிட்டு நேரா மாட்டினா ஷாஃப்ட் முட்டிக்கும், கியர் பாக்ஸ் பேரிங்க ஒடச்சிரும். ரெண்டு பக்கமும் வம்பு.

இன்னொண்ணு, எறங்காமயே மாட்டலாம்னு வீடியோல காட்டுறான்ல, அவன் பிடிஓ இல்லாத சாமானத்தான் மாட்டிக் காட்டுவான். பிடிஓ மாட்ட எறங்கித்தான் ஆகணும் தம்பி.

டிரைவர் மகன் | சுங்கை சிப்புட்

அப்ப எதுக்கு இது? எறங்கணும்னா அப்பாவுக்கு என்ன லாபம்?

எட்டாங்கட்ட பட்டறை | தெலுக் இந்தான்

நாலு தடவ எறங்குறது ஒரு தடவயா ஆகும். அதவிட முக்கியம், கனமான சாமானுக்கும் டிராக்டருக்கும் நடுவுல நின்னு ஆர்ம காலால ஒதைக்க வேண்டியதில்ல. ஷாஃப்ட் மாட்டும்போது சாமான் ஏற்கனவே டிராக்டர்ல உக்காந்திருக்கும், இஞ்சின் ஆஃப், ஹேண்ட் பிரேக், சாவி பாக்கெட்ல. அது வேற, இது வேற.

குலைவண்டி | குளுவாங்

இதுல நான் வெளாட்டா பேச மாட்டேன். என் மச்சான் ஒரு தோட்டத்துல ஓட்டிட்டு இருந்தான், தோட்டம் பேரு வேணாம். அவன் பின்னால நின்னு பின்ன ஓட்டைக்கு நேரா புடிச்சுக்கிட்டு, மேல சீட்ல உக்காந்த பையன "கொஞ்சம் தூக்குடா"ன்னு சொன்னான். பையன் புதுசு, கொஞ்சம்னா எவ்வளவுன்னு தெரியல, லிவர முழுசா இழுத்துட்டான். வலது கைல நடு வெரலு, மோதிர வெரலு ரெண்டும் பாதி போச்சு. மோதிரம் அந்த பின்னுலயே இருந்துச்சாம். சொக்சோல (தொழிலாளர் காப்புறுதி) காசு வந்துச்சு, ஆனா அவன் தவில் வாசிப்பான், அது போச்சு.

அன்னிக்கி அங்க ஃப்ரேம் இருந்திருந்தா... ஸ்டோருக்குப் பின்னாடி கெடந்துச்சுன்னு சொன்னேன்ல, அதே தோட்டம்தான். நான் மொதல்ல காச வேஸ்ட் பண்ணாதீங்கன்னு எழுதினேன், அத விடுங்க. அளந்து வாங்குங்க.

டிரைவர் மகன் | சுங்கை சிப்புட்

குலைவண்டி அண்ணே, கேக்கவே கஷ்டமா இருக்கு. நான் சனிக்கெழம செய்றதும் அதேதான், அப்பா பின்னால நிப்பாரு, நான் லிவர் புடிப்பேன். இனிமே இல்ல.

சேவல்கொடி | பாகான் சிராய்

ஒரு ஐடியா, பழைய இரும்புக் கடைல இரும்பு வாங்கி நாமே அடிச்சா என்ன? நாலு ஆங்கிள் இரும்புதானே

எட்டாங்கட்ட பட்டறை | தெலுக் இந்தான்

ஏ ஃப்ரேம் அடிக்கலாம், நல்ல வெல்டர் வேணும், சாமான் பக்கம் இருக்குற முக்கோணமும் டிராக்டர் பக்கம் இருக்குறதும் ஒரே அச்சுல வச்சு அடிக்கணும். ஒரு மில்லி ரெண்டு மில்லி கோணினா லாக் பாதில நிக்கும், வெளிய பாத்தா மாட்டினது மாதிரியே தெரியும். ரோட்டுல போகும்போது ஸ்லாஷர் எறங்கிக்கும். யு ஃப்ரேமோட கொக்கியும் லாக்கும் வாங்குறதுதான் நல்லது, அது சும்மா அறுத்த ப்ளேட் இல்ல. டிராக்டரோட கீழ் ஆர்ம அறுத்து கொக்கி வெல்டு பண்றேன்னு மட்டும் யாரும் கெளம்பாதீங்க. அது அடிச்சு செஞ்ச இரும்பு, சூடு காட்டினா அந்த எடத்துலயே ஒடையும், ஒடையுறது தூக்கிட்டு போகும்போதுதான் ஒடையும்.

தம்பிக்கு என் யோசன இது. மேல் கொக்கிய ஏத்தி எறக்கி போல்ட் பண்ற மாதிரி ஃப்ரேம் வருது, அத வாங்குங்க. அந்தக் கொக்கி 415க்கு வருமான்னு கேட்டுக்குங்க. வந்தா ஸ்ப்ரெடர தொட வேணாம், ஸ்லாஷர் மேல் பின்னத்தான் 40 மில்லி கீழ எறக்கணும். அது சுலபம், பட்டைல புது ஓட்ட போட்டா முடிஞ்சது. ஸ்ப்ரெடர் அகலம் 690 இருக்குல்ல, அத பின்னுக்கு உள்பக்கம் வாஷர் எடுத்து 683க்கு கொண்டு வாங்க.

சாமான் நிக்கிற எடத்தையும் பாருங்க, ஃப்ரேம விட அதுதான் முக்கியம்னு நான் சொல்வேன். மண்ணுல போட்டா ஒரு மழைக்கு ஒரு பக்கம் எறங்கி கோணிக்கும், கோணின சாமான எந்த கொக்கியும் புடிக்காது. சின்னதா சிமெண்டு தளம், அது மேல நேரா நிக்கிறதுக்கு கட்ட. ஸ்ப்ரெடருக்கு கால் இல்லன்னா ரெண்டு கால் அடிச்சிருங்க.

பழைய கிராணி | பத்தாங் பெர்ஜுந்தை

ட்ரெய்லர் இழுக்கும்போது அந்த ஃப்ரேம் எங்க போகும்? அப்படியே பின்னால தொங்குமா? திரும்பும்போது ட்ரெய்லர் மூக்குல இடிக்காதா? நான் ஓட்டத் தெரியாதவன், சந்தேகம்தான் கேக்குறேன்.

எட்டாங்கட்ட பட்டறை | தெலுக் இந்தான்

ஐயா ஓட்டத் தெரியாதவர்னு நான் நம்ப மாட்டேன். இடிக்கும். முழுசா தூக்கி வச்சாலும் ட்ரெய்லர் மூக்கு நீளத்தப் பொறுத்து இடிக்கும். சாயங்காலம் ட்ரெய்லர் போடுறதுக்கு முன்ன ஃப்ரேம கழட்டி வைக்கணும், மூணு பின்னு. இல்லன்னா மொத தடவ மெதுவா ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாத்து எடம் இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்.

டிரைவர் மகன் | சுங்கை சிப்புட்

ஏழு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாரும் மறந்திருப்பீங்க.

மொதல்ல தளம் போட்டோம். பன்னெண்டு அடிக்கு எட்டடி, வீட்டுப் பின்னால, பழைய கோழிக்கூடு இருந்த எடத்துல. சித்தப்பா வந்து மட்டம் பாத்தாரு. அது மேல ஸ்லாஷரையும் ஸ்ப்ரெடரையும் நேரா நிறுத்தினதும் ஃப்ரேம் வர்றதுக்கு முன்னாலயே மாட்டுறது பாதி நேரமாயிருச்சு. இதுக்கு எதுக்குடா நீ இரும்பு வாங்குறன்னு அப்பா அப்பவே கேட்டாரு.

ஃப்ரேம் ஈப்போவுல ஒரு கடைல கேட்டேன், செகண்ட் ஹேண்ட் ஒண்ணு காட்டினாங்க. குறுக்க மூல விட்டு மூல அளந்தேன், ரெண்டு பக்கமும் ஒண்ணரை சென்டி வித்தியாசம். எங்கயோ மரத்துல மோதினது. வேணாம்னு வந்துட்டேன். அப்புறம் புதுசு ஆன்லைன்ல ஆர்டர் பண்ணினேன், மேல் கொக்கி ஏத்தி எறக்குறது, முழுசா எறக்கினா 410. ஸ்லாஷர் பட்டைல ஓட்ட போட்டு தடுப்பும் வச்சாச்சு. டிராக்டர் ஆர்ம் ஓட்ட 28, ஃப்ரேமோட பின்னு 22, அதனால அப்பாவோட அந்த ரெண்டு புஷ்ஷும் இப்ப ஃப்ரேம் பின்னுலயே நிரந்தரமா உக்காந்துருச்சு, தொலைய வழியில்ல.

ஸ்ப்ரெடர் மொத தடவையே மாட்டுச்சு. ஸ்லாஷர் மாட்டல, மூணு தடவ ரிவர்ஸ் போயும் மேல் கொக்கி பின்னுக்கு அடில போய் முட்டுது. அப்புறம்தான் தெரிஞ்சது டாப் லிங்க நான் நீளமா விட்டிருக்கேன், ஃப்ரேம் பின்பக்கமா சாஞ்சு நிக்குது. டாப் லிங்க நாலு சுத்து சுருக்கி ஃப்ரேம நேராக்கினதும் டக். அந்த அளவ பெயிண்டால டாப் லிங்க்ல குறிச்சு வச்சிருக்கேன்.

ஷாஃப்ட்: ஸ்ப்ரெடருது பரவால்ல. ஸ்லாஷருது முழுசா எறக்கினா 4 இஞ்சுதான் உள்ள புடிக்குது, புது ஷாஃப்ட் சொல்லியிருக்கேன், அது வர்ற வரைக்கும் ஸ்லாஷருக்கு பழையபடி நேரா மாட்டித்தான் ஓட்டுறாரு. ட்ரெய்லருக்கு ஃப்ரேம கழட்டித்தான் வைக்கணும், இடது பக்கம் ஒடிச்சா தொட்டுருது.

ஒரு கேள்வி. அப்பா மாட்டினதுக்கு அப்புறமும் ஒவ்வொரு தடவயும் எறங்கிப் போய் ரெண்டு லாக்கையும் கையால தட்டிப் பாத்துட்டு வர்றாரு. நம்பிக்க இல்லயான்னு கேட்டா பதில் இல்ல. இது தேவயா?

எட்டாங்கட்ட பட்டறை | தெலுக் இந்தான்

தேவ. லாக்குல மண்ணு, புல்லு, உரத்தூள் அடச்சா லிவர் கீழ வந்த மாதிரி இருக்கும், உள்ள புடிச்சிருக்காது. உரம் இரும்ப தின்னுரும் வேற, சாயங்காலம் தண்ணி அடிச்சு கழுவிட்டு லாக் ஸ்பிரிங்ல எண்ண விடுங்க. எப்படியும் பிடிஓ மாட்ட எறங்குறாரு, அப்பவே தட்டிப் பாக்கட்டும். அதுக்கப்புறம் ஒரு அடி தூக்கி, ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்துட்டு கெளம்பச் சொல்லுங்க.

ஷாஃப்ட் வந்ததும் பழசோட சேத்து வைக்காதீங்க, ரோட்டவேட்டருக்கு மாத்தி மாட்டிருவீங்க. பெயிண்ட் அடிச்சு வைங்க.

கிவி தம்பி | சுங்கை பட்டாணிக்காரன், இப்ப நியூசிலாந்து

ஷாஃப்ட்டு மேல இருக்குற ப்ளாஸ்டிக் கவர் சங்கிலிய ஃப்ரேம்ல கட்டாதீங்க, டிராக்டர் பக்கம் ஆடாத எடமா பாத்து கட்டுங்க. ஃப்ரேம்ல கட்டினா தூக்கும்போது இழுத்து அத்துக்கும், கவரும் ஷாஃப்ட்டோட சுத்த ஆரம்பிச்சிரும்.

டிரைவர் மகன் | சுங்கை சிப்புட்

ஐயோ ஃப்ரேம்லதான் கட்டியிருக்கேன். இப்பவே போறேன்.

குலைவண்டி | குளுவாங்

தம்பி போறப்ப ஒண்ணு, அந்த கியர் கம்பில தொங்கின கயிறு என்னாச்சு, புஷ்தான் இல்லயே இப்ப

டிரைவர் மகன் | சுங்கை சிப்புட்

சங்கிலி மாத்திட்டேன் கிவி அண்ணே, நன்றி.

கயிறு அப்படியேதான் இருக்கு அண்ணே. இப்ப அதுல லின்ச் பின்னு (பெரிய பின்னு கழண்டு விழாம மாட்டுற சின்ன பின்னு) நாலு தொங்குது, எக்ஸ்ட்ராவாம்.